வெக்கை எங்கிருந்து வருகிறது? கொழும்பின் சித்திரையும் பிற்பகல் இடிமழையும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து 14, 15 வரை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும்: சூரியனின் வடதிசை நோக்கிய நகர்வால் இன்று நண்பகல் இன்னின்ன ஊர்களுக்கு நேராகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது. தெய்வேந்திர முனையில் தொடங்கிப் பருத்தித்துறையில் முடியும் இந்த நகர்வில் கொழும்புப் பக்கத்துக் களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எல்லாம் ஏப்ரல் 7ஐ ஒட்டி வருகின்றன. அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. வெக்கைக்குக் காரணம் கேட்டால் காலி வீதியில் எவரும் சொல்லும் விடையும் இதுதான்: சூரியன் தலைக்கு நேரே நிற்கிறது.

இந்த விடையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தெற்கே திரும்பும் சூரியன் செப்டெம்பர் முதல் வாரத்தில் கொழும்புக்கு மீண்டும் உச்சம் கொடுக்கிறது. கோணம் அதே கோணம், நிழலில்லாத நண்பகலும் அதேதான். ஆனால் செப்டெம்பரில் வெள்ளவத்தைச் சந்தையில் யாரும் வெக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மே மாதத்திலிருந்தே வீசிக்கொண்டிருக்கும். மேகம் அடிக்கடி வெயிலை மறைக்கும். பல மாதக் காற்று கிளறிவிட்டதில் கடலின் மேற்பரப்பும் சித்திரையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருக்கும். சித்திரையில் இவை எதுவும் இல்லை. வடகீழ்க் காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேல் காற்று இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடப் புவியியலில் நாம் படித்த முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம், அதாவது மார்ச்சும் ஏப்ரலும், இரண்டு பெருங்காற்றுகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி.

ஆகவே கொழும்பின் வெக்கையை வெயிலைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. அசையாத காற்றும் அதில் ஏறி நிற்கும் ஈரமும் கணக்கில் வரவேண்டும். காலையில் உடம்பை வாட்டும் அதே ஈரம்தான் பிற்பகலில் இடியும் மின்னலுமாக இறங்குகிறது. ஆனால் நம் அறிவிப்புகளில் வெப்பம் ஒரு தாளிலும் மின்னல் இன்னொரு தாளிலும் வருகின்றன. வெளியில் நின்று வேலை செய்பவருக்கு அவை ஒரே நாளின் இரண்டு பாதிகள்.

வெப்பமானி சொல்லாதது

கொழும்பின் வெப்பநிலைப் பதிவுகளை மட்டும் பார்க்கும் வெளியூரவருக்கு இங்கே வெப்பப் பிரச்சினை இருப்பதாகவே தோன்றாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் உச்சம் சராசரியாக 31, 32 பாகை செல்சியஸ். ஆண்டின் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை வேறுபாடு ஏறக்குறைய 2 பாகைதான். இந்திய வானிலைத் துறை கரையோர நிலையங்களில் வெப்ப அலையை அறிவிக்க உச்ச வெப்பநிலை குறைந்தது 37 பாகையை எட்டவேண்டும், இயல்பைவிட 4.5 பாகையாவது கூடியிருக்கவும் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதியைக் கொழும்புக்குப் பொருத்தினால் வெப்ப அலை என்ற சொல்லே இங்கு அரிதாகத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் மனித உடம்பு வெப்பமானியைப் போலச் சும்மா இருப்பதில்லை. ஓய்வில் இருக்கும்போதே அது ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை உண்டாக்குகிறது. மூட்டை தூக்கினால் பல மடங்கு. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வெப்பம் உடம்பை விட்டுப் போகிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் இந்தப் பயன் கிடைக்காது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக மறுத்து முதுகில் வழிகிறது. கொழும்பில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்ல ஆய்வாளர் ரொபர்ட் ஸ்டெட்மன் 1979இல் வகுத்த முறையிலிருந்து வந்ததுதான் இன்று நம் செய்திகளில் அடிபடும் வெப்பச் சுட்டெண். 32 பாகை வெப்பத்தில் சாரீரப்பதன் 40 சதவீதம் என்றால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 33. அதே 32 பாகையில் சாரீரப்பதன் 70 சதவீதமானால் உணரும் வெப்பம் ஏறத்தாழ 40. வெப்பமானியின் இரசம் அசையாமலே 7 பாகை கூடிவிடுகிறது. அதுவும் நிழலில், மெல்லிய காற்று இருக்கும்போது போடப்பட்ட கணக்கு. நேர்வெயிலில் நிற்பவருக்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவை சொல்கிறது. வெள்ளவத்தைச் சந்தியில் வாகனங்களை மறிக்கும் பொலிஸ்காரரும், சாப்பாட்டுப் பொதியோடு மோட்டார் சைக்கிளில் பறப்பவரும், புறக்கோட்டையில் கைவண்டி இழுக்கும் நாட்டாமியும் இந்தக் கூடுதல் கணக்குக்குள் வருகிறவர்கள்.

எல்லை எங்கே? ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை, 35 பாகையானால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதராலும் நெடுநேரம் தாங்க முடியாது என்று காலநிலை ஆய்வாளர்களான ஸ்டீவன் ஷேர்வூட்டும் மத்தியூ ஹூபரும் 2010இல் கணித்துச் சொன்னார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்களை வைத்தே சோதித்தபோது, ஈரமான சூழலில் இளவயதினருக்கே அந்த எல்லை 30, 31 பாகையை ஒட்டி வந்துவிடுவதாகத் தெரிந்தது. 32 பாகையும் 70 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள கொழும்புப் பகலில் ஈரக்குமிழ் 27ஐத் தாண்டியிருக்கும். எல்லைக்கும் நமக்கும் நடுவே மூன்று, நான்கு பாகைதான் இருக்கிறது. முதியவர்களுக்கும் இதயநோய், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அந்த இடைவெளி இன்னும் குறைவு.

இரவும் இதில் சேரவேண்டும். வறண்ட வெயில் ஊர்களில் சூரியன் மறைந்ததும் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஈரக்காற்று அந்தச் சூட்டை மேலே போகவிடாமல் தடுக்கிறது. நள்ளிரவில் 27 பாகையும் 85 சதவீதச் சாரீரப்பதனும் இருந்தால் உணரும் வெப்பம் 30ஐத் தொடும். பகல் முழுதும் உழைத்த உடம்பு தேறவேண்டிய நேரம் அது. தொடர்மாடியின் மேல்தட்டில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இரவு பத்து மணிக்கு உட்கூரையில் கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். பகலில் குடித்த வெயிலைக் கொங்கிறீற்று அப்போதுதான் அறைக்குள் விட ஆரம்பித்திருக்கும். மின்விசிறி அந்தக் காற்றையே சுற்றிச் சுற்றித் தரும். தகரமும் அஸ்பெஸ்டஸும் போட்ட வீடுகளில் நேரம் முறை மாறுகிறது: பகலில் உள்ளே இருக்க முடியாது, இரவில் கொஞ்சம் தேவலை. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்கு இரண்டு வகை வெப்பம்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே

களுபோவில கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தாலும் கடல் தெரியாத ஊர். வடக்கே பௌத்தாலோக மாவத்தையில், 1907இல் தொடங்கிய கொழும்பு அவதான நிலையத்தின் வழிவந்த திணைக்களத் தலைமையகம். தெற்கே இரத்மலானை விமான நிலையத்து வானிலை நிலையம். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் களுபோவில கிடக்கிறது. இரு நிலையங்களிலும் வெப்பமானி வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள், புல்தரைக்கு மேலே, காற்றோட்டமான நிழலில் இருக்கிறது. உலகம் முழுதும் ஒப்பிடக்கூடிய அளவு வேண்டுமென்றால் அப்படித்தான் வைக்கவேண்டும். ஆனால் களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவரின் காலடியில் புல் இல்லை, தார் இருக்கிறது.

இந்த இடைவெளியை ஆராய்ந்தவர்கள் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரொஹின்டன் இமானுவேலும் சுவீடனின் எரிக் ஜொஹான்சனும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொழும்பின் வீதி வடிவமும் கடற்காற்றும் நுண்காலநிலையை எப்படி மாற்றுகின்றன என்று அளந்தது. ஒரே பகலில் இடத்துக்கிடம் பல பாகை வேறுபாடு இருந்தது. பகலில் பெரிய வேறுபாட்டைத் தந்தது நிழல். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய வீதி, திறந்த அகலவீதியைவிடக் குளிர்ச்சி. கடற்காற்று எட்டும் இடங்களுக்கும் ஆறுதல் கிடைத்தது.

இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். நிழலுக்காகக் கட்டடங்களை நெருக்கி உயர்த்தினால் காற்று மறிபடும். காற்றுக்காக வீதியை அகலமாகத் திறந்தால் நிழல் போகும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரம் எழுந்த தொடர்மாடிகள் கடலுக்குச் சுவராக நிற்கின்றன. அவற்றின் முன்பக்க வீடுகளுக்குக் காற்று. பின்னால் காலி வீதியைக் கடந்து உள்ளே போகப் போக அதன் மிச்சம். கடலுக்குச் செங்குத்தாக ஓடும் ஒழுங்கைகளை அடைக்காமல் விடுவதும், அவற்றின் இரு பக்கமும் மரம் வைப்பதும் நிழலையும் காற்றையும் ஒருங்கே காக்கும் வழி. அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, கட்டட அனுமதி கொடுக்கும் மாநகர சபைகளின் கவனம் போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்கள் முதல் சித்திரையில் திகைப்பது வழக்கம். ஊரில் இதைவிடக் கடும் வெயில், ஆனால் இப்படி அவிந்ததில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதை மழைக்கணக்கு வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சியில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கும் சராசரி மழை 78 மில்லிமீற்றர். சித்திரைச் சிறுமாரி என்று ஊரில் சொல்வதெல்லாம் அதற்குள் அடக்கம். அதே இரண்டு மாதத்தில் தென்மேல் மலைச்சரிவிலுள்ள கெரகலவுக்குக் கிடைப்பது 771. கொழும்பு இவற்றுக்கு இடையில்: மார்ச்சில் ஏறத்தாழ 130, ஏப்ரலில் 245. கொழும்பின் புழுக்கமும் கெரகலவின் மழையும் ஒரே ஈரத்தில்தான் பிறக்கின்றன.

ஒரு பிற்பகலின் கடிகாரம்

பருவப்பெயர்ச்சி மழையைக் காற்று எங்கிருந்தோ கொண்டுவருகிறது. சித்திரை மழை அன்றன்றைக்கு இங்கேயே உருவாகிறது. மேற்காவுகை மழை என்று பாடநூல் சொல்லும் இந்த மழைக்குக் காலையிலிருந்தே ஆயத்தம் நடக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு வானம் வெளுத்திருக்கும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடேற, பத்து, பதினொரு மணியளவில் கடற்காற்று கரையேறி உள்ளே நகரத் தொடங்கும். அது சுமந்துபோவது 30 பாகையை ஒட்டிய கடலின் ஈரத்தை. 30 பாகைச் சூட்டில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். மதியமளவில் அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கத்து மலைச்சரிவுகளில் சூடேறிய காற்று மேலெழும்ப, கரையிலிருந்து வந்த ஈரம் அதோடு சேர்ந்து மேகமாகக் குவியும்.

நீராவி நீர்த்துளியாகும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. வெப்பவலயத்து இடிமேகத்தின் உச்சி 15 கிலோமீற்றரை எட்டுவதுண்டு. நம் வானில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால் மேகத்தின் மேற்பகுதி பெரும்பாலும் பனிக்கட்டி. பனிப்பளிங்குகளும் மென்கட்டிகளும் மோதிக்கொள்வதில் மின்னேற்றம் பிரிகிறது. மின்னல் அங்கே தொடங்குகிறது.

இரண்டு மணிக்குப் பிறகு மலையடியில் மழை விழும். விழும் மழையோடு இறங்கும் குளிர்காற்று நிலத்தில் பரவி எதிரே வரும் கடற்காற்றைச் சந்திக்கிறது. சந்திக்கும் கோட்டில் புதிய மேகங்கள் எழும்பும். உயரத்தில் மெல்லிய கிழக்குக்காற்று இருக்கும் நாட்களில் இந்த வரிசை கரையை நோக்கி நகர்ந்து ஹோமாகம, மகரகம, நுகேகொட என்று படிப்படியாக வரும். களுபோவிலயில் நிற்பவருக்கு முதல் அடையாளம் கிழக்கு வானம் கறுப்பது. பிறகு கடற்காற்று சட்டென்று நின்றுபோகும். அந்தச் சில நிமிடங்கள்தான் நாளின் மிகப் பெரிய புழுக்கம். அடுத்துத் தென்னோலைகள் ஒரேயடியாகக் கடல்பக்கம் சாயும், தூசி எழும், வெப்பநிலை நாலைந்து பாகை விழும். முதற்துளி அதன் பின்னால்தான்.

ஆபத்து மழைக்கு முன்பே வந்துவிடுகிறது என்பதுதான் இங்கு முக்கியம். மேகத்திலிருந்து பக்கவாட்டில் பல கிலோமீற்றர் பாய்ந்து, மழையே இல்லாத இடத்தில் மின்னல் விழக்கூடும். ஒலி ஒரு கிலோமீற்றர் கடக்க மூன்று விநாடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் மேகம் 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது; வெளியில் இருக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வராமலிருப்பது நல்லது. கடற்கரையிலும் விளையாட்டுத் திடலிலும் நிற்பவர்கள், மொட்டைமாடியில் துணி எடுக்க ஓடுகிறவர்கள், தனிமரத்தின் கீழ் ஒதுங்குகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்கவேண்டும். வீட்டுக்குள்ளும் கம்பி இணைப்புத் தொலைபேசி, அன்டெனா, மின்னிணைப்புகள் வழியாக மின்னல் உள்ளே வரும்.

முன்னறிவிப்பு எவ்வளவு சொல்லும்?

மேல், சப்ரகமுவ மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் சில இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும். சித்திரை முழுதும் வானொலியில் ஒலிக்கும் இந்த அறிவிப்பைப் பலர் கேலி செய்வதுண்டு. எல்லா நாளும் இதையே சொன்னால் இது என்ன முன்னறிவிப்பு? ஆனால் கணக்குப் போட்டால் கேலி குறையும். மேல் மாகாணத்தின் பரப்பு 3,684 சதுர கிலோமீற்றர். 10 கிலோமீற்றர் குறுக்களவுள்ள ஓர் இடிமேகம் மூடுவது ஏறக்குறைய 79. மாகாணம் அதன் 47 மடங்கு. அந்தத் தனிமேகம் பிறந்து மடிய ஒரு மணித்தியாலம் போதும். நுகேகொடையில் வெள்ளம், களுபோவிலயில் தூறல், வெள்ளவத்தையில் வெயில் என்று ஒரே மாலையில் நடப்பது இதனால்தான். எந்த மேகம் எந்த வீதியில் விழும் என்பதைக் காலையில் எந்தக் கணினி மாதிரியும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது டொப்ளர் ராடர், அதுவும் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு முன். புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடர்கள் அமைக்க 2017இல் ஜப்பானிய நன்கொடை ஒப்பந்தம் கையெழுத்தானது. பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ராடர் கண் இல்லாத நாட்டில் இடிமழைக்கு மாகாண அளவில் பொதுவான அறிவிப்பு தருவதைத் தவிரத் திணைக்களத்துக்கு வேறு வழி குறைவு.

பருவக் கணிப்பு இன்னொரு வகை. தெற்காசியக் காலநிலை எதிர்நோக்கு மன்றம் 2010 முதல் கூடி, வரும் பருவத்தில் மழை இயல்பு, அதற்கு மேல், அதற்குக் கீழ் என்ற மூன்று நிலைகளுக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. எதுவுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் 33 சதவீதம். ஒன்றுக்கு 45 என்று சொன்னால் அது பயனுள்ள தகவல்தான். ஆனால் அது நடக்காமல் போக 55 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ உச்சமடைந்ததற்கு அடுத்த மாதங்களில் இந்து சமுத்திரம் வழக்கத்தைவிடச் சூடேறுவது அறியப்பட்ட போக்கு. 1998, 2016, 2024 ஆண்டுகளின் முற்பகுதி அப்படித்தான் அமைந்தது. 2024இல் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் காலத்தில் மாணவர்களை வெயிலில் ஓடவிடவேண்டாமென்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. எனவே எல் நினோ ஆண்டின் மார்கழியிலேயே அடுத்த சித்திரைக்கு ஆயத்தமாகலாம். இது பருவக் கணிப்பு தரும் உண்மையான கைமுதல்.

மழை விழுந்த பிறகு

சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் 1992 ஜூன் 4இல் ஒரே நாளில் 490க்கு மேல் கொட்டியது. ஆண்டு மழையில் ஐந்திலொரு பங்கு. 2010 நவம்பர் 10, 11இல், இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலத்தில், ஓர் இரவு மழை 400ஐத் தாண்டியபோது நாடாளுமன்றக் கட்டடத்தொகுதிக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனில் கால்வாய்களைச் சீர்செய்யும் பெருந்திட்டம் 2012இல் தொடங்கியது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலுக்குக் கொண்டுபோகும் நீரைவிட, நகரைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலம் தாங்கிவைக்கும் நீரின் பெறுமதி அப்போதுதான் பேசப்பட்டது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் தலைநகரமாகக் கொழும்பு ஆனது.

அந்த ஈரநிலங்களை வெள்ளத்துக்கான தடுப்பாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. களுபோவிலவுக்கு அருகில், 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில, அத்திடிய சதுப்பு பகலில் தன் நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறச் சூட்டைத் தணிக்கிறது, மாலையில் இடிமழையை வாங்கிக்கொள்கிறது. அதை மண்போட்டு நிரப்பினால் வெப்பமும் வெள்ளமும் சேர்ந்தே கூடும்.

இரண்டு தாள்களும் ஒரு வேலைநாளும்

இப்போது இரண்டு அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெப்ப அறிவிப்பு நண்பகலை ஒட்டிய மணித்தியாலங்களில் வெளிவேலையைத் தவிர்க்கச் சொல்கிறது. மின்னல் அறிவிப்பு 2 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் நிற்கவேண்டாம் என்கிறது. இரண்டையும் ஒழுங்காகப் பின்பற்றினால் கட்டடத் தொழிலாளிக்கு மிஞ்சுவது காலை மட்டும். நாட்கூலிக்காரருக்கு அது அரைநாட் சம்பளம். அதனால் இரண்டு அறிவுரையும் அவர் காதில் விழுந்தும் பயனில்லாமல் போகின்றன. குற்றம் அவருடையது அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான அறிவுரை. சேர்ந்து வரும்போது அவை ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தில் பாதியைக் கேட்கின்றன.

ஆகவே சித்திரைக்கென்று ஒரே தாளில், மணிவாரியாக, வெப்பச் சுட்டெண்ணும் இரவின் குறைந்தபட்ச வெப்பமும் மின்னல் வாய்ப்பும் சேர்ந்து வரவேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளிவேலையை ஆறு மணிக்கே தொடங்கி, நண்பகல் இடைவேளையை நீட்டி, மின்னலால் நின்ற மணித்தியாலங்களுக்கும் கூலி உண்டு என்று ஒப்பந்தகாரருக்கு விதி வைக்கவேண்டும். முன்னறிவிப்பின் தரத்தை ராடர் உயர்த்தும். அந்த முன்னறிவிப்பைக் கேட்டு ஒருவர் சாரத்திலிருந்து இறங்குவாரா என்பதை அன்றைய கூலிதான் தீர்மானிக்கும்.